இலவு காக்கும் கிளிகளா தமிழ் மாணவர்?

கல்லூரியில் இடம் வேண்டி நிற்கும் மாணவனுக்குச் சொல்லத்தக்க விடைகள் இரண்டே. 'இடம் உண்டு' என்பது ஒன்று. 'இடம் இல்லை' என்பது மற்றொன்று. முன்னது மகிழ்வு தரும். பின்னது துயர் தரும். ஆயினும் இரண்டும் தெளிவான விடைகள். இல்லையென்று தெரிந்துவிட்டால், அன்று மாலையே வேறொரு கல்லூரியின் வாயிலுக்கு நடக்கலாம். வேறொரு படிப்பை எண்ணலாம். ஆனால், உண்டென்றும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவே மாணவனை நிறுத்திவைக்கும் மூன்றாம் விடை ஒன்று ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் தமிழ்நாட்டின் எண்ணற்ற வீடுகளுக்கு வந்து சேர்கின்றது. 'நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கின்றீர்கள்' என்பதே அது.

இலவ மரத்தின் காய் பழுக்கும், பழுக்கும் என்று ஒரு கிளி காத்திருந்ததாம். முற்றிய காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்ததாம். அக் கிளிக்கு நேர்ந்ததைவிடத் தமிழ் மாணவனுக்கு நேர்வது கொடிது. கிளி காத்திருந்த நாள்களுக்காக அதனிடம் எவரும் கட்டணம் பெறவில்லை. அதன் சான்றிதழ்களை எவரும் பேழைக்குள் பூட்டி வைக்கவில்லை. இலவம் பொய்த்தபோது வேறு மரங்களின் வாயில்கள் அடைபட்டுப் போகவுமில்லை.

காத்திருப்போர் பட்டியல் என்னும் ஏற்பாடே தீயது என்று சொல்வதற்கில்லை. உண்மையில் அது நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு. மருத்துவத்தில் இடம் பெற்ற ஒருவன் பொறியியல் இடத்தை விட்டுச் செல்கின்றான். சென்னையில் இடம் பெற்ற ஒருத்தி தன் ஊர்க் கல்லூரி இடத்தை விட்டுச் செல்கின்றாள். அவ்வாறு ஒழியும் இடம் யாருக்கு உரியது? வரிசையில் அடுத்து நிற்பவருக்கே உரியது. அவ் வரிசையை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் காத்திருப்போர் பட்டியல். அஃது இல்லையானால், ஒழிந்த இடம் பின்வாயில் வழியே வருபவனுக்குப் போய்விடும். ஆகவே, கருவியில் குற்றமில்லை. கருவியைப் பிடித்திருக்கும் கைகளில்தான் குற்றம் இருக்கின்றது.

இதனை உணர வேண்டுவோர் தொடர்வண்டி நிலையத்திற்குச் சென்று பார்க்கலாம். அங்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஆனால், சீட்டு வாங்கியவன் தன் வரிசையெண் பன்னிரண்டா, நூற்றிருபதா என்பதை அறிவான். அவ்வெண் குறைந்துவருவதை நாள்தோறும் பார்த்து அறிவான். இருக்கைப் பட்டி எப்பொழுது முடிவு செய்யப்படும் என்பதை அறிவான். இணையவழி எடுத்த சீட்டு இறுதிவரை உறுதியாகாவிடில், அது தானே நீங்கி, அவன் கட்டிய பணம் சிறு கழிவுடன் அவனிடமே திரும்பி வரும். ஓர் இரவுச் செலவுக்குக் காத்திருப்பவனுக்கு இத்துணை முறைமை இருக்கின்றது. தன் வாழ்நாள் முழுமைக்குமான ஒரு வழியைத் தேடிக் காத்திருக்கும் மாணவனுக்கோ பல கல்லூரிகளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் எத்தனையாம் ஆள் என்று கேட்டால், 'அழைப்பு வரும்' என்பது விடை. எப்பொழுது வரும் என்று கேட்டால், 'காத்திருங்கள்' என்பது விடை.

இவ்வேற்பாட்டை அளந்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. இந்திய உச்ச நயன்மன்றமே 2005-ஆம் ஆண்டு இனாம்தார் வழக்கில் அதனை வகுத்துச் சொல்லியிருக்கின்றது. தனியார் தொழிற்கல்லூரிகளுக்குப் பெரும் உரிமைகளை வழங்கிய தீர்ப்பு அது. அரசு உதவி பெறாத கல்லூரிகளில் அரசு தன் ஒதுக்கீட்டை வலிந்து புகுத்தல் கூடாது என்று சொல்லிய தீர்ப்பு. அத்தகைய தீர்ப்பே, சேர்க்கை முறை நேர்மையாக இருத்தல் வேண்டும், வெளிப்படையாக இருத்தல் வேண்டும், சுரண்டலற்றதாக இருத்தல் வேண்டும் என்று மூன்று கட்டுகளை விதித்தது. உரிமையைக் கேட்டுப் பெற்றவர்கள் கட்டுகளை மறந்துவிட்டனர். இம் மூன்று கோல்களாலும் காத்திருப்போர் பட்டியலை அளந்து பார்ப்பதே முறை.

முதற்கோல், வெளிப்படை. வரிசை என்பது எல்லார்க்கும் தெரிய நிற்பது. கதவுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வரிசையன்று. பட்டியலில் உள்ள பெயர்களும் மதிப்பெண்களும் ஒட்டப்படாமலும், ஒழிந்த இடங்களின் எண்ணிக்கை அறிவிக்கப்படாமலும் இருந்தால், நாற்பதாம் ஆள் நான்காம் ஆளைத் தாண்டிச் சென்றதை யார் அறிவார்? தாண்டுவதற்கு விலை என்ன என்பதைத் தாண்டியவனும் தாண்ட விட்டவனும் மட்டுமே அறிவர். தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் 1992-ஆம் ஆண்டே இயற்றப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் உச்ச நயன்மன்றமும் மோகினி செயின் வழக்கில், கட்டாய நன்கொடை கல்வியுரிமைக்குப் பகை என்று தீர்ப்புரைத்தது. சட்டம் உண்டு, தீர்ப்பும் உண்டு, ஆனால், நன்கொடை ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்? நன்கொடை பதுங்கியிருக்க ஓர் இருட்டறை வேண்டும். எண்ணில்லாத, பெயரில்லாத காத்திருப்போர் பட்டியல் அவ்விருட்டறை ஆகிவிடுகின்றது. 'இடம் இல்லை' என்று சொல்லிவிட்டால் பேரம் பேச முடியாது. 'இடம் உண்டு' என்று சொல்லிவிட்டாலும் பேரம் பேச முடியாது. 'காத்திருங்கள்' என்னும் சொல் ஒன்றுதான் பேரத்திற்கு இடம் தருகின்றது.

இரண்டாம் கோல், நேர்மை. பட்டியலில் நிற்பவனுக்கு உரிய இடம் அவனிடமே வந்து சேர்தல் வேண்டும். இங்குத் தனியார் கல்லூரிகளைவிட அரசுகளைத்தாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கின்றது. 1984-இல் பிரதீப் செயின் வழக்கிலும், அதன் தொடர்ச்சியாக 1986-இல் தினேசு குமார் வழக்கிலும் உச்ச நயன்மன்றம் வழங்கிய தீர்ப்புகளால், மாநில அரசுகளின் மருத்துவக் கல்லூரிகளில் இளநிலை இடங்களுள் 15 விழுக்காடு அனைத்திந்திய ஒதுக்கீட்டிற்குப் போயிற்று. தமிழ்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் எழுந்த கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. தமிழ் மாணவரும் அவ்வொதுக்கீட்டில் போட்டியிடலாம் என்பது உண்மையே. அவ்வொதுக்கீட்டின் முறையும் முறைகேடும் தனியே பேசத்தக்கவை. காத்திருப்போர் பட்டியலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு வேறொன்று.

முன்பெல்லாம் அனைத்திந்தியக் கலந்தாய்வு இரண்டு சுற்றுகள் நடக்கும். அவ்விரண்டிலும் நிரம்பாமல் எஞ்சிய இடங்கள் அந்தந்த மாநிலத்திற்கே திருப்பித் தரப்படும். அவ்வாறு திரும்பி வரும் இடங்களுக்காகவே மாநிலப் பட்டியலில் மாணவர் காத்திருப்பர். அக் காத்திருப்பில் ஒரு பொருள் இருந்தது. 2021-22 சேர்க்கையாண்டு முதல் அம்முறை மாற்றப்பட்டுவிட்டது. அனைத்திந்தியக் கலந்தாய்வு நான்கு சுற்றுகளாக நீட்டப்பட்டது; எஞ்சும் இடங்கள் மாநிலத்திற்குத் திரும்பா என்பதும் நெறியாக்கப்பட்டது. நான்கு சுற்றும் முடிந்தபின் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் ஓர் இடம் வெறுமையாய் நின்றாலும், தமிழ்நாட்டுப் பட்டியலின் முதல் ஆளாய் நிற்பவளுக்கு அவ்விடம் இல்லை. இடமும் இங்கே இருக்கின்றது. காத்திருப்பவளும் இங்கே இருக்கின்றாள். இரண்டையும் சேர்த்துவைக்கும் உரிமை மட்டும் இங்கே இல்லை.

இடங்கள் வெறுமையாய் நிற்பது கற்பனையன்று. 2021-ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவச் சேர்க்கையில், சுற்றுமேல் சுற்று நடத்திய பின்னும் இந்தியா முழுமையும் 1,456 இடங்கள் நிரம்பாமல் நின்றன. 2022 சூன் திங்களில் இவ்வழக்கைக் கேட்ட உச்ச நயன்மன்றம், மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டில் இடங்களைப் பாழடிப்பதா என்று முதலில் அரசைக் கடிந்தது. பின்னர், காலம் கடந்துவிட்டது, இனிச் சேர்த்தால் கல்வியின் தரம் குறையும் என்று கூறி மேலும் ஒரு சுற்று நடத்த மறுத்துவிட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை மாணவர் விரும்பாத பிரிவுகளைச் சார்ந்தவை என்று நடுவண் அரசு சொன்னது. அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால், விரும்பியவர் எவரேனும் இருந்தனரா என்பதைக் காலம் உள்ளபோதே பட்டியலில் நிற்பவர்களிடம் கேட்டிருந்தால் அன்றோ அது தெரிந்திருக்கும்? காலம் கடத்தியவர்கள் ஒருபுறம் இருக்க, காலம் கடந்ததற்கான இழப்பு காத்திருந்தவர் தலையில் விழுந்தது.

'இல்லாத இடத்தை எப்படித் தருவது?' என்று வினவுவோர் உளர். இடத்தைப் படைத்தே தந்த வரலாறு தமிழ்நாட்டில் உண்டு. 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த வழக்கில் உச்ச நயன்மன்றம் இடைக்கால ஆணைகள் பிறப்பித்தது. ஒதுக்கீடு 50 விழுக்காட்டோடு நின்றிருந்தால் இடம் பெற்றிருக்கக்கூடிய பொதுப்பிரிவு மாணவர்க்குக் கூடுதல் இடங்களைப் படைத்துத் தருமாறு அவை பணித்தன. தமிழக அரசும் பல ஆண்டுகள் படைத்துத் தந்தது. வாயிலுக்கு வெளியே நிற்பவர்க்காக இடத்தைப் புதிதாகப் படைக்க முடியும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. இன்று பட்டியலில் நிற்கும் மாணவர்க்காகப் புதிதாக ஒன்றும் படைக்க வேண்டா. வெறுமையாய் நிற்கும் இடத்தைத் திருப்பித் தந்தாலே போதும்.

மூன்றாம் கோல், சுரண்டலின்மை. காத்திருத்தல் எல்லார்க்கும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால், ஒன்றன்று. பொருளுள்ளவன் மகன் காத்திருக்கும்போதே வேறு இரண்டு கல்லூரிகளில் பணம் கட்டி இடம் பிடித்து வைக்கின்றான். மூன்றில் எது நல்லதோ அதற்குப் போவான். மற்ற இரண்டின் பணம் போனால் போகட்டும். உழவுக் கூலியின் மகளோ ஒரே ஒரு முறைதான் பணம் கட்ட முடியும். அதுவும் தாயின் கழுத்தில் இருந்தது அடகுக் கடைக்குப் போனபின் வந்த பணம். அவள் எளிய கல்லூரியில் கட்டிவிட்டால், நல்ல கல்லூரியிலிருந்து அழைப்பு வரும்போது மீண்டும் கட்டப் பணமிராது. கட்டாமல் காத்திருந்தால், அழைப்பு வாராதபோது எளிய கல்லூரியின் கதவும் அடைபட்டிருக்கும். ஆகவே, காத்திருப்பு என்பது இல்லாதவனிடம் மட்டுமே தண்டப்படும் ஒரு வரி. உள்ளவனுக்கு அது சில நாள் பொறுமை. இல்லாதவனுக்கு ஓராண்டு, சிலபோது ஒரு வாழ்க்கை.

இதற்கு 2020-ஆம் ஆண்டே சான்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீடு தரும் சட்டத்தை அவ்வாண்டு செபுதம்பரில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஏழை மாணவரின் காத்திருப்பைக் குறைக்க வந்த அச்சட்டமே ஆளுநரின் ஒப்புதலுக்காக அக்தோபர் இறுதிவரை காத்திருந்தது. நவம்பரில் கலந்தாய்வு தொடங்கியது. நானூறு அளவிலான இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நிலை வந்தது, பெரும் வெற்றிதான். ஆனால், தனியார் கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்ட சிலர், கட்டணத்தைக் கேட்டு அஞ்சி அவ்விடத்தை விட்டனர். அரசுக் கல்லூரி இடம் ஒழியுமா என்று காத்திருப்போர் ஆயினர். அதன் பின்னரே, அக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்னும் அறிவிப்பு வந்தது. சில நாள் முன்னதாக வந்திருந்தால் அவர்கள் காத்திருப்போர் ஆகியிரார். கையில் வந்த இடத்தை வறுமையால் விட்டவர்கள், அதனைத் திரும்பக் கேட்டு உயர் நயன்மன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. அறிவில் குறைந்து அவர்கள் வெளியே நிற்கவில்லை. அறிவிப்பு பிந்தியதால் வெளியே நின்றனர்.

காத்திருக்கும் ஆற்றலே தகுதியாகிப் போனதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2017 முதல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியே நடக்கின்றது. அதன் விளைவுகளை ஆய்ந்த நயனர் ஏ.கே. இராசன் குழு 2021-இல் தன் அறிக்கையைத் தந்தது. மருத்துவத்தில் இடம் பெற்றோருள், ஓராண்டோ பல்லாண்டோ காத்திருந்து மீண்டும் தேர்வெழுதியவர்கள் 2016-17-இல் 12 விழுக்காட்டு அளவில் இருந்தனர். 2020-21-இல் 71 விழுக்காட்டு அளவுக்கு உயர்ந்தனர் என்பது அவ்வறிக்கை காட்டும் உண்மை. ஓராண்டை வீட்டிலிருந்து கழிக்கவும், பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டவும் வல்லவர்களே உள்ளே போகின்றனர் என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன? அவ்வறிக்கையின் வழி எழுந்த சட்டமுன்வடிவை 2021-இலும், ஆளுநர் திருப்பியபின் மீண்டும் 2022-இலும் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆண்டுகள் பல காத்திருந்தபின், குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்னும் செய்தி 2025-இல் அறிவிக்கப்பட்டது. மாணவன் மட்டுமன்று, அவன் தெரிந்தெடுத்த சட்டமன்றமே காத்திருப்போர் பட்டியலில்தான் நிற்கின்றது.

கல்லூரித் தரப்பில் ஒரு விடை சொல்லப்படுவதுண்டு. 'யார் வருவார், யார் விடுவார் என்பது எங்களுக்கே தெரியாது, நாள்தோறும் மாறுகின்றது, இதில் எண்ணை எப்படி அறிவிப்பது?' என்பர். மாறுகின்ற எண்ணை மாறுகின்றவாறே அறிவிக்க வேண்டியதுதானே? மாறுவது மறைப்பதற்குக் கரணியம் ஆகுமா? சந்தையில் நெல்விலையும் நாள்தோறும் மாறுகின்றது; அதனால் விலைப்பலகையை எவரும் கழற்றி வைப்பதில்லை. கட்டணம் கட்ட இறுதிநாளை மணிக்கணக்கில் குறித்துச் சொல்ல வல்ல கல்லூரிக்குத் தன் முடிவைச் சொல்ல ஒரு நாளைக் குறிக்க முடியாதா?

கட்டணத்தைப் பொறுத்தவரை முறை ஏற்கெனவே இருக்கின்றது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2018 அக்தோபரில் விடுத்த அறிவிக்கையின்படி, சேர்க்கையின் இறுதிநாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக ஒருவர் விலகினால், கட்டணம் முழுமையும் திருப்பித் தரப்பட வேண்டும். அதன்பின் இறுதிநாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. இறுதிநாள் கடந்து பதினைந்து நாளுக்குள் 80 விழுக்காடு. முப்பது நாளுக்குள் 50 விழுக்காடு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைத்தல் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. இதனை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? அறியாதவாறு பார்த்துக்கொள்வோர் எத்தனை பேர்? சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் கல்லூரி, மாணவனைப் பிடித்து வைத்திருக்கின்றது. வேறிடத்தில் அழைப்பு வந்தாலும் அவன் போக முடியாது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். காத்திருப்போர்க்கு வரும் மடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. நாளும் கட்டும் கட்டணமும் இழப்பும் அதில்தான் இருக்கின்றன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் தாய் அம் மடலை எவ்வாறு படிப்பாள்? தமிழே ஆட்சிமொழி என்று 1956-இல் சட்டம் இயற்றிய நாட்டில், தமிழ்ப்பிள்ளைக்கு இடமுண்டா இல்லையா என்பதைத் தமிழில் சொல்லத் தயங்குவது எத்துணை இழிவு! இது மொழிப்பற்றை மட்டும் பற்றிய செய்தியன்று. படிக்க முடியாத மடலால் தவறிப்போகும் நாள், பறிபோகும் இடம்.

ஆகவே, கேட்கப்பட வேண்டியவை ஐந்து.

ஒன்று: காத்திருப்போர் ஒவ்வொருவர்க்கும் வரிசையெண் தரப்பட வேண்டும், பட்டியல் மதிப்பெண்ணோடும் பிரிவோடும் வெளிப்படையாக ஒட்டப்பட வேண்டும், இடம் ஒழியும்போதெல்லாம் அது திருத்தப்பட வேண்டும்.

இரண்டு: பட்டியல் முடியும் நாள் முதலிலேயே அறிவிக்கப்பட வேண்டும். அந்நாள் மற்றக் கல்லூரிகளின் கதவுகள் அடைபடுவதற்கு முன்னதாக இருத்தல் வேண்டும். அன்று 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டில் ஒன்று சொல்லப்பட வேண்டும்.

மூன்று: காத்திருப்பவரிடம் ஓர் உருபாவும் பெறல் கூடாது, சான்றிதழும் பெறல் கூடாது. கட்டணம் திருப்பித் தரும் முறை ஒவ்வொரு கல்லூரியின் வாயிற்பலகையிலும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

நான்கு: அனைத்திந்திய ஒதுக்கீட்டில் நிரம்பாத தமிழ்நாட்டு இடங்கள், காலம் உள்ளபோதே தமிழ்நாட்டுப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும்.

ஐந்து: ஏழை மாணவர்க்கு அரசு செய்யும் உதவி எதுவாயினும், கலந்தாய்வின் முதல் நாளுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும்.

இவற்றைக் கேட்கத் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டா. பெருமளவு அரசுப் பணம் பெறும் உதவிக் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நயன்மன்றம் 2019-இல் தீர்ப்பளித்துவிட்டது. பட்டியலைக் காட்டுக என்று எவரும் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். அம் முப்பது நாளில் இவ்வாண்டுச் சேர்க்கை முடிந்துவிடக்கூடும். ஆயினும், கேட்கப்படும் கல்லூரி அடுத்த ஆண்டு மறைக்கத் தயங்கும்.

ஊர்தோறும் தமிழ் மன்றங்கள் இருக்கின்றன, படிப்பகங்கள் இருக்கின்றன. சூன், சூலைத் திங்களில் மாலை இரண்டு மணிநேரம் ஒருவர் அங்கு அமர்ந்திருந்தால் போதும். வருகின்ற மடலைப் படித்துச் சொல்லலாம். இறுதிநாளைக் குறித்துக் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதித் தரலாம். விழா எடுப்பதிலும் மேடை போடுவதிலும் காட்டும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். தமிழ் வாழ்க என்பவர்கள், தமிழ்ப்பிள்ளை ஒன்று படிக்காமல் போகும் ஆண்டைத் தம் இழப்பாகக் கருத வேண்டும். காத்திரு என்று சொல்பவனை, எத்தனை நாள், எத்தனையாம் எண், என்ன கரணியம் என்று கேட்கக் கற்ற குமுகாயமே தன் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் அனுப்பும்.